சாமி பயமும் சம்பளச் சீட்டும்

அன்புள்ள ஐயா,

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கடவுள் நம்பிக்கை என்னைவிட்டுப் போய்விட்டது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கச் சொல்லி அம்மா அழுகிறார். "சாமி பயம் இல்லாதவன் எதையும் செய்வான்" என்கிறார். பயத்தால் நல்லவர்களாக இருப்பவர்கள்தானே பக்தர்கள்? பெரியார் சொன்னதுதானே சரி? ஆனால் உறுதியான ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் சரி தவறை எப்படித் தீர்மானிப்பது? எங்கள் பிரிவில் வங்காளதேசத் தொழிலாளர்களின் ஓவர்டைம் பணத்தைக் குறைத்துப் போடுகிறார்கள். அதுவும் உறுத்துகிறது.

ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

பெரியாரை விட்டுவிடுவோம். 1929 இறுதியில் அவர் பினாங்கில் வந்திறங்கியதிலிருந்து நம் வீடுகளில் அந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. பால்குடம் உங்களுக்கும் அம்மாவுக்கும் உள்ள விஷயம்.

'உறுதியான ஒன்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நானும் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். மகளின் பழைய நன்னெறிக் கல்விக் குறிப்பேடு கைக்குக் கிடைத்தது. ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் சோதனைக்கு அப்போது 36 பண்புகள். ஒவ்வொன்றுக்கும் மலாயில் ஒரு விளக்கம். முதல் பண்பு, கடவுள் நம்பிக்கை. வாசல் அஞ்சடி நடைபாதையில் நடந்துகொண்டே சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். அவள் தம்பி வந்து தண்ணீர் கேட்டால், "போடா, படிக்கிறேன்" என்று விரட்டுவாள். பிள்ளையைக் குறை சொல்லவில்லை, மதிப்பெண் அங்கேதான் இருந்தது. அந்தப் பாடத்தை வகுத்தவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே ஆசை. முதலில் அசைக்க முடியாத வாசகம் ஒன்று கையில் இருக்க வேண்டும், அப்புறம் நல்லவனாக நடந்துகொள்ளலாம். மனிதர்கள் இந்த வரிசையில் வளர்வதில்லை, தம்பி.

1970இல் அறிவித்த நம் தேசியக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவைப் பள்ளிச் சபைகூடலில் நீங்களும் சொல்லியிருப்பீர்கள். முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை. ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும். முதலாவது இருந்தால் ஐந்தாவது தானாக வந்துவிடும் என்றால் அதைத் தனியே எழுதுவானேன்?

பக்தர்களைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. என் அம்மா சஷ்டி தவறாதவர். பல வருடம் முகம் பார்த்துப் பேசாத பக்கத்து வீட்டில் சாவு விழுந்தபோது முதல் ஆளாகக் கஞ்சி கொண்டுபோனார். ஏன் என்று கேட்டேன். "புள்ளைங்க சாப்பிட்டிருக்காதுடா" என்றார். அதில் முருகனும் இல்லை, நரகமும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பசி இருந்தது. உங்கள் அம்மாவும் இப்படி எத்தனையோ செய்திருப்பார். அதையெல்லாம் பயம் என்று தள்ளிவிடுவது பகுத்தறிவு அல்ல, கண்ணை மூடிக்கொள்வது.

ஓவர்டைம் விஷயத்தைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகமே இல்லையே! தப்பு என்று தெரிகிறது, அதனால்தான் உறுத்துகிறது. 1955 வேலைச் சட்டப்படி சாதாரண நாளில் ஓவர்டைமுக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அதுதான். சூப்பர்வைசர் நீங்கள், யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தொழிலாளர்களிடம் பேசுங்கள். அவர்கள் சம்மதித்தால் சம்பளச் சீட்டின் நகல்களோடு தொழிலாளர் இலாகாவுக்குக் கூட்டிப் போங்கள். கடவுள் உண்டா இல்லையா என்று முடிவாகும்வரை அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.