ஈறு வளர்கிறதென்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

"சிறுநீரகம் மாற்றிய என் தம்பிக்கு ஈறு வளர்ந்து பல்லை மூடுகிறது, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சகோதரி, ஒரு வேளைகூட வேண்டாம். வளர்ந்த ஈறை வெட்டிச் சீராக்கலாம். சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுத்துவிட்டால் மறுபடியும் டயாலிசிஸ்தான்.

மாற்றிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமல் தடுக்க உங்கள் தம்பி சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறார் என்றே நினைக்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் இருக்கிறதா என்று சீட்டைப் பாருங்கள். இரண்டுமே ஈறை வளர்க்கக்கூடியவை. சேர்ந்தால் இன்னும் அதிகம். என் வீட்டுக்காரருக்கு இரண்டும் இருந்தன. மதுரையில் அறுவைச் சிகிச்சை முடிந்து புதுவயலுக்குத் திரும்பிய சில மாதங்களில் முன்பற்களின் இடுக்கில் சதை தடித்தது. பிறகு மாதுளை முத்துகள் மாதிரி பிதுங்கிப் பாதிப் பல்லை மூடிவிட்டது. தேன்குழலைக் கடித்தால் இரத்தம். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரவே கூசினார்.

உள்ளூரில் பல் பார்த்தவர் மருந்துச் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "பல் துலக்குவாரா, வெற்றிலை போடுவாரா?" என்று என்னைக் கேட்டார். வெற்றிலையைத் தொடாத மனிதர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அழுக்குப் படிந்தாலும் ஈறு வீங்கும்" என்று யாரும் கீழே எழுத வர வேண்டாம், நானே சொல்கிறேன். காரை படிந்த வாயில் இது மோசமாகும். சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் தொடங்கிவைப்பது மருந்து. சைக்ளோஸ்போரினைக் குறை சொல்வதாகவும் எண்ண வேண்டாம். 1980களில் அது வந்த பிறகுதான் மாற்று உறுப்புகள் முன்னைவிட நன்றாக நிலைத்தன. சாப்பிடும் எல்லோருக்கும் ஈறு வளர்வதுமில்லை.

சிறுநீரக மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததுமே அம்லோடிபினை மாற்றினார். பிறகு சைக்ளோஸ்போரினுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸ் கொடுத்தார். காலை மாத்திரைக்கு முன் இரத்தம் எடுத்து, அதில் மருந்தின் அளவு பார்த்துப் பார்த்துத்தான் அந்த மாற்றம் நடந்தது. ஈறு மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கியது. மிச்சத்தை வெட்டி எடுத்தார்கள். டாக்ரோலிமஸ் சர்க்கரையை ஏற்றலாம் என்பதால் கந்தரப்பமும் கவுனி அரிசியும் இப்போது எங்கள் வீட்டில் அளவோடுதான்.

பல் வலிக்கிறதென்று மெடிக்கல் கடையில் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். பல் மருத்துவர் எதை எழுதினாலும் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனம் பொறுக்கவில்லை. சிறுநீரகம் கொடுத்தது என் மாமியார். அதற்கு எங்கள் பக்கத்து ஆச்சிமார்கள், "பெண்டாட்டி இருக்க, பெற்றவள் ஏன் கொடுத்தாள்?" என்று இன்றும் என் காதுபடப் பேசுகிறார்கள். என் வீட்டுக்காரர் ஓ வகை இரத்தம், நான் பி வகை. பொருந்தாது என்று மருத்துவமனையில்தான் சொன்னார்கள். நான் பரிசோதனைக்குக் கை நீட்டியதை இவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. என் மாமியார் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

உங்கள் தம்பியிடம் அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். எல்லாச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரிடம் போய், முதலில் வாயைக் காட்டச் சொல்லுங்கள்.