சைவக்காரரை ஸ்பொன்சராக வைத்துக்கொள்ளலாமா?

முல்லைத்தீவுப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 38 வயது, உழவு மெஷின் ஓட்டுகிறார், ஊரில் ஒரு சபைக்குப் போகிறார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து மூன்று மாதமாகக் குடிக்கவில்லை. கிழமைக்கு ஒருமுறை நடக்கும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறார். ஏ.ஏ. என்றால் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கிறவர்களின் அமைப்பு. குடியை விட ஏ.ஏ. காட்டும் பன்னிரண்டு படிகளையும் செய்ய ஒரு ஸ்பொன்சரை, அதாவது முன்னமே குடியை விட்டு வழிகாட்டும் ஒருவரை, பிடியும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பல வருடமாகக் குடியாமல் இருப்பவர் ஒரேயொருவர்தான், ஓய்வுபெற்ற வாத்தியார். நெற்றி நிறையத் திருநீறு, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலைத் தவறவிடாத மனிசன். "அவரைக் கேட்டால் என் விசுவாசத்துக்குத் துரோகமா? அவிசுவாசிகளோடு அந்நிய நுகத்தில் பிணைபடாதே என்று பாஸ்டர் சொல்கிறார். மனைவிக்கும் பயம்" என்பது கேள்வி.

கேளுங்கள் தம்பி. இந்தக் கிழமையே கேளுங்கள்.

பாஸ்டர் சொல்லும் வசனம் இரண்டாம் கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த இடத்தை முழுதாக வாசியுங்கள். வழிபாட்டைப் பற்றியும் விக்கிரகங்களைப் பற்றியும் பவுல் பேசுகிறார். வாத்தியாரோடு நீங்கள் கோயிலுக்குப் போகப்போவதில்லை, சம்பந்தம் செய்யப்போவதில்லை, ஒரே தொழிலில் காசு போடப்போவதும் இல்லை. பின்னேரம் ஆறு மணிக்குக் கை நடுங்கினால் யாருக்குப் போன் எடுப்பது என்பதுதான் இங்கே விஷயம். வைத்தியரிடம் போகும்போது அவர் எந்தச் சமயம் என்று கேட்டுவிட்டா ஊசிக்குக் கை நீட்டுகிறோம்?

இன்னொன்றையும் பாஸ்டருக்குச் சொல்லலாம். ஏ.ஏ. பிறந்ததே கிறிஸ்தவ வீட்டில். 1935இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஏக்ரன் என்ற ஊரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரும் தொடங்கியது. இரண்டு பேருமே ஒக்ஸ்போர்ட் குழு என்ற கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கத்தோடு பழகியவர்கள். குற்றத்தை அறிக்கையிடுவது, ஈடு செய்வது, ஜெபிப்பது எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1939இல் படிகளை அச்சில் போட்டபோதுதான், கடவுள் நம்பிக்கை இல்லாத உறுப்பினர்களும் உள்ளே வர வேண்டுமென்று, 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று சேர்த்தார்கள். கூட்டங்களில் சொல்லும் மன அமைதி ஜெபம் இருக்கிறதே, "மாற்ற முடியாததை ஏற்க அமைதி தாரும்" என்று, அது ரெயின்ஹோல்ட் நீபர் என்ற புரொட்டஸ்தாந்து இறையியலாளருடையதாகக் கொள்ளப்படுவது. வாத்தியார் இத்தனை வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வராத பயம் உங்களுக்கு ஏன்?

பில் வில்சனின் கதையிலேயே உங்கள் கேள்விக்கு மறுமொழி இருக்கிறது. 1940இல் எட் டவ்லிங் என்ற இயேசு சபைக் குரு அவரைத் தேடிவந்தார். டவ்லிங் குடிகாரர் அல்ல. பில் கத்தோலிக்கர் அல்ல, கடைசிவரை ஆகவும் இல்லை. ஆனாலும் அந்தக் குருவைத்தான் தன் ஆன்மீக ஸ்பொன்சர் என்று பில் சொன்னார். 1960இல் குரு இறக்கும்வரை அந்த உறவு தொடர்ந்தது.

சரி, அவரிடம் எப்படிக் கேட்பது? சுற்றி வளைக்க வேண்டாம். "ஐயா, நான் யேசுவை விசுவாசிக்கிறவன். படிகளை அந்த வழியிலைதான் செய்வன். நீங்கள் எனக்கு ஸ்பொன்சரா இருப்பீங்களோ?" என்று நேரே கேளுங்கள். நல்ல ஸ்பொன்சர் என்றால் சிரித்துவிட்டு "அது உம்மடை விஷயம், நாளைக்குக் காலமை போன் எடும்" என்பார். சபைக்குப் போகாதே என்றோ, ஒரு நேர்த்தி வை, நூல் கட்டு என்றோ சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். ஸ்பொன்சரை மாற்றுவது குற்றமில்லை. முதலில் தற்காலிகமாக என்றுகூடக் கேட்கலாம்.

சமயத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது அவருடைய வாய். கேட்பதற்கு முதல் இரண்டு மூன்று தரம் அவரோடு ஒரு பிளேன்டீ குடித்துப் பாருங்கள். பேச்சுவாக்கில் "இன்னார் போன கிழமையும் போட்டிட்டு வந்தவர்" என்று அடுத்தவர் கதையை உங்களிடம் சொல்கிறாரா? அப்படியென்றால் அடுத்த கிழமை உங்கள் கதை வேறொருவரின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் போகும். நம்முடைய ஊர்களில் ஒரு சந்தியில் சொன்னது மோட்டார் சைக்கிளுக்கு முந்தி அடுத்த சந்திக்குப் போய்விடும். வேறு மதத்து ஊமை வாய், சொந்தச் சபையின் ஓட்டை வாயைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆள் ஒரு வருடத்துக்குக் குறையாமல் குடிக்காமல் இருந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்பது பொது வழக்கம், அதை மீற வேண்டாம். காசு கேட்கிறவர் ஸ்பொன்சரே இல்லை. ஏ.ஏ.யில் கட்டணம் கிடையாது, விரும்பியவர் உண்டியலில் போடுவதோடு சரி. அவரிடம் நீங்களும் கடன் வாங்காதீர்கள். கடன் வந்தால் உண்மை போய்விடும். வைத்தியர் தந்த குளிசையை நிறுத்து என்கிறவரிடம் இருந்தும் ஓடுங்கள், அவர் திருநீறு பூசியிருந்தாலும் சரி, வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தாலும் சரி.

கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள், அவைதான் எனக்குக் கூடுதல் கவலை. சபையில் வருகிற கன்வென்சனில் சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்கிறீர்கள். வேண்டாம். மூன்று மாதத்தில் மைக்கைக் கையில் கொடுத்து "கர்த்தர் இந்தச் சகோதரனைக் குடியிலிருந்து விடுவித்தார்" என்று ஆயிரம் பேருக்கு முன் நிறுத்துவது சபைக்கு நல்லது, உங்களுக்கு இல்லை. அப்படி மேடை ஏறிய பலரைப் பார்த்திருக்கிறேன். மீண்டும் ஒருநாள் சறுக்கினால் அந்த வெட்கத்தில் சபைக்கும் போகமாட்டார்கள், கூட்டத்துக்கும் வரமாட்டார்கள், நேரே தவறணைதான். இரண்டு வருடம் போகட்டும், பிறகு சொல்லுங்கள்.

மற்றது அந்தப் பவுடர். வெளிநாட்டில் இருக்கும் அண்ணா காசு அனுப்ப, "சொல்லாமல் தேத்தண்ணியில் கலந்து கொடுத்தால் குடி மறந்துவிடும்" என்று ஒருவர் உங்கள் மனைவிக்கு விற்றிருக்கிறார். உடனே எறியச் சொல்லுங்கள். அதற்குள் என்ன இருக்கிறதென்று விற்றவருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்று ஒரு உண்மையான மருந்து இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பழுதானவர் செத்தும் போகலாம். அதனால்தான் நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டும். கள்ளமாகக் கலந்து கொடுப்பது வைத்தியமில்லை, நஞ்சூட்டல். இந்தத் தரகர்கள் லண்டன் காசையும் கனடாக் காசையும் மோப்பம் பிடித்து வருகிறார்கள். "மூன்று மாதம் அடைத்து வைத்துத் திருத்தித் தருகிறோம், முற்பணம் போடுங்கள்" என்கிறவர்களும் இதே ரகம். உள்ளே வைத்தியர் உண்டா, பதிவு உண்டா, வீட்டார் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேர் மறுமொழி இல்லையென்றால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் காசில்லாமல் பார்ப்பார்கள்.

காசில்லாமல் பார்ப்பது உண்மை. ஆனால் அங்கிருந்து வெளியே வந்தபிறகு கையில் ஒரு கிளினிக் கொப்பியும் ஒரு திகதியும்தான். அந்தத் திகதிக்கு வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆளில்லை. பார் பெர்மிட் கொடுப்பதில் காட்டும் சுறுசுறுப்பில் பத்தில் ஒன்றைக் குடியை விட்டவனைத் தேடிப் போவதில் காட்டியிருந்தால், ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் தலையில் இத்தனை பேரைச் சுமத்த வேண்டி வந்திருக்காது. கசிப்பைப் பிடித்த கணக்கு பேப்பரில் வரும். விட்டவனின் கணக்கை யார் எடுக்கிறார்கள்?

இனி, விதிவிலக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நான்காம் படியில் உங்கள் குற்றங்குறைகளைக் கொப்பியில் எழுதுவீர்கள். ஐந்தாம் படியில் அதைக் கடவுளிடமும் இன்னொரு மனிதரிடமும் சொல்ல வேண்டும். அந்த மனிதர் ஸ்பொன்சராகத்தான் இருக்க வேண்டுமென்று விதியில்லை. பாவசங்கீர்த்தனம் உள்ள சபையைச் சேர்ந்தவர்கள் தங்கள் குருவிடம் போகலாம் என்று ஏ.ஏ.யின் சொந்தப் புத்தகமே சொல்கிறது. மற்ற ஊர்களில் இது சின்ன விஷயம். வன்னியில் அப்படி இல்லை. 2009 யுத்தத்தைத் தாண்டி வந்த ஒருவரின் கொப்பியில் பெண்சாதியை அடித்ததும் கூலிக்காசைக் குடித்ததும் மட்டுமா இருக்கும்? யாரை எங்கே விட்டுவிட்டு வந்தோம், யாரைக் காட்டிக்கொடுத்தோம், என்ன செய்யச் சொல்லிச் செய்தோம் என்பதும் இருக்கும். அதில் உயிரோடு இருக்கும் மற்றவர்களின் பெயர்கள் வரும்.

ஸ்பொன்சர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நாளைக்கு யாராவது வந்து கேட்டால் வாயைத் திறக்காதிருக்கச் சட்டப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. அந்தச் சுமையை அவர் தலையில் வைப்பதும் நியாயமில்லை, அவரும் அதே நாட்களைத் தாண்டி வந்தவர்தானே. கத்தோலிக்கர்கள் என்றால் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள். அதில் கேட்டதை எந்தக் காரணத்துக்கும் வெளியே சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. நீங்கள் சபைக்காரர், உங்களுக்கு அந்த வழி இல்லை. பாஸ்டரிடம் சொன்னது பிரசங்கத்தில் உதாரணமாக வராது என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆகவே அந்தப் பகுதியை மட்டும் உளநல வைத்தியரிடம் வையுங்கள். மிச்சத்தை வாத்தியாரிடம் சொல்லுங்கள்.

யாரிடம் சொன்னாலும் அடுத்தவர் பெயர், ஊர், திகதி வேண்டாம். படி கேட்பது உங்கள் தவறின் தன்மையை. "பயத்தில் ஒருவரை விட்டுவிட்டு ஓடினேன்" என்பது போதும். கொப்பியை வீட்டில் வைக்காதீர்கள், பிள்ளைகள் எடுத்து வாசிப்பார்கள். சொல்லி முடிந்த அன்றே அடுப்பில் போடுங்கள். ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது வேதத்துக்கு விரோதமோ என்று மனைவி கேட்டால் யாக்கோபு 5:16ஐக் காட்டுங்கள்: "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு".

மீண்டும் குடித்துவிட்டீர்கள் என்றால், பல நாள் குடித்தபின் திடீரென்று தனியாக வீட்டில் நிறுத்தாதீர்கள். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும், புத்தி தடுமாறுவது இரண்டு மூன்று நாளில். அதற்கு ஸ்பொன்சரும் போதாது, ஜெபக்கூட்டமும் போதாது. 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், காசில்லை.

இப்போது உங்களுக்கு முன்னால் இருக்கும் ஆபத்து நெல்லு வெட்டு. உழவு மெஷின்காரருக்குக் காசு கையில் வருகிற காலம், வேலை முடிய வயல்காரர் போத்தலோடு நிற்கிற காலம். அதற்கு முதல் வாத்தியாரைப் பிடித்துவிடுங்கள். காசு கிடைக்கிற அன்று பின்னேரம் நேரே அவர் வீட்டுக்குப் போய், காசை வாங்க மனைவியையும் அங்கே வரச் சொல்லுங்கள்.

பாஸ்டர் "யார் அந்த ஆள்?" என்று கேட்பார். நீங்கள் குடியை விட்டதை, கூட்டத்துக்குப் போவதை, ஸ்பொன்சர் ஒருவர் இருப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். வாத்தியாரின் பெயரைச் சொல்லக்கூடாது. அவரும் அந்தக் கூட்டத்துக்கு வருகிற ஒரு குடிகாரர்தான், அதை ஊருக்குச் சொல்வதா விடுவதா என்பது அவருடைய முடிவு.