அட்டையைத் திருப்பிப் பார், மக்ளே!

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டுதான் வேலை. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. மழைக்காலத்தில் வெட்டு நின்றால் மாத்திரை வாங்கவே திண்டாட்டம். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும் என்கிறார்கள். அப்பாவோ, "விலை குறைஞ்சா வீரியமும் குறைஞ்சிருக்கும், எனக்குக் கம்பெனி மருந்துதான் வேணும்" என்று அடம்பிடிக்கிறார். மாற்றலாமா?
- வாசகி ஒருவர், குலசேகரம்

பதில்: அப்பா விழுங்குகிற அட்டையைத் திருப்பிப் பார், மக்ளே. டெல்மிசார்டன் 40 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. என்று ஏதாவது இருக்கும். அதுதான் மருந்து. கம்பெனி போட்டிருப்பது வெறும் செல்லப்பெயர். காப்புரிமை 20 வருஷம்தான். இந்த மருந்துகளுக்கெல்லாம் அது எப்பவோ முடிந்துபோச்சு. முடிந்தபிறகு மற்ற கம்பெனிகளும் அதே மருந்தைச் செய்யலாம், அதைத்தான் ஜெனரிக் என்கிறோம். அதனால் நம்மூர்க் கடைகளில் 'கம்பெனி மருந்து' என்று விற்பதில் பெரும்பாலானது பெயர் சூட்டிய ஜெனரிக்தான். அப்பா இத்தனை வருஷமும் அதைத்தான் சாப்பிட்டிருப்பார். சொல்லிப் பார், கோபம் வந்தால் என் பெயரைச் சொல்லிவிடு.

விலை ஏன் குறைவு? புதிதாகக் கண்டுபிடிக்கிற செலவு இல்லை, டாக்டர் வாசலில் பையோடு காத்துக்கிடக்கிற கம்பெனி விற்பனை ரெப்புக்குச் சம்பளம் இல்லை. ஆனால் ஒன்று: ஜெனரிக் என்றாலே மலிவு என்று நம்பிவிடாதே. தக்கலையில் 30 வருஷம் மருந்துக்கடை கவுண்டரில் நின்றவன் சொல்கிறேன், சில ஜெனரிக் கடைக்காரருக்கு அடிமாட்டு விலைக்கு வரும், அட்டையில் எம்.ஆர்.பி. மட்டும் பெரிய கம்பெனி அளவுக்கு இருக்கும். நடுவில் உள்ளது யாருக்குப் போகும் என்று நான் சொல்ல வேண்டாம்.

தரக்குறைவு பற்றிய பயம் நியாயம்தான். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரமற்ற மருந்துகளின் பட்டியல் போடுகிறது. அதில் கம்பெனிப் பெயர் போட்ட மருந்தும் வரும், போடாததும் வரும்.

கடைக்காரர் தானாக மாற்றித் தரச் சட்டம் இடம் தராது. கம்பெனிப் பெயரை விட்டு, மருந்தின் பெயரையே எழுதித் தரும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். மில்லிகிராம் அதேதானா, பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று இருந்ததா என்றும் பாருங்கள். அது மெல்லக் கரைகிற வகை. சாதா மாத்திரை அதற்கு ஈடாகாது. வலிப்புக்கான ஃபெனிடோயின், ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, இந்த மூன்றையும் டாக்டருக்குத் தெரியாமல் கம்பெனி மாற்றவே கூடாது. அளவு ஒரு துளி பிசகினாலும் உடம்பு காட்டிவிடும்.

இதைவிட எனக்குப் பயம் வேறொன்றில். எங்கள் கடைக்கு மாதம் தவறாமல் வருகிற ஒரு அம்மை, ஒருநாள் படியேற முடியாமல் நின்றார். கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. தலைச்சுற்றல் வேறு. முந்தியை அவிழ்த்து இரண்டு அட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் தந்தது, மற்றது நான் விற்றது. நிறம் வேறு, பெயர் வேறு. உள்ளே இரண்டும் ஒரே பிரஷர் மருந்து, அம்லோடிபின் 5 மி.கி.! இரட்டை அளவு விழுங்கியிருக்கிறார். "அது ஆஸ்பத்திரி மருந்து, இது கடை மருந்து, ரெண்டும் வேற இல்லியா மோனே?" என்றார். வேறு எங்காவது மாத்திரை வாங்குகிறீர்களா என்று மூன்று மாதமாக நான் கேட்கவே இல்லை. தப்பு என்னுடையது. அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். உங்கள் வீட்டிலும் புது மாத்திரை வந்த அன்றே பழைய அட்டையை அப்பா கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடு.

கேள்வி: ஆசாரிப்பள்ளம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிற மாத்திரையை நம்பலாமா?
- வாசகர், பார்வதிபுரம்

பதில்: நம்பலாம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்துத்தான் அனுப்புகிறது. குலசேகரம் மக்ளே, நீயும் கேட்டுக்கொள்: 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்து வை.