விரல் வலி என்று சொல்லி விலகாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 64. ஆலையில் ஒன்றாக வேலை பார்த்த நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து 1986-ல் ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்தோம். நான் பேஸ் கிட்டார், அடிச் சுரங்களை வாசிக்கிற கிட்டார். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், ஆலை விழா என்று வாசித்திருக்கிறோம். யாரும் இதை வைத்துப் பிழைக்கவில்லை, ஆசைக்காகத்தான். பழைய ஆட்களில் இப்போது நான்கு பேர் இருக்கிறோம். குழுவை நடத்துகிற அண்ணன் கீபோர்டு வாசிப்பவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சில வருடங்களாகப் பாதிப் பாட்டு லேப்டாப்பில் ட்ராக், அதாவது முன்பே பதிவு செய்த பின்னணி இசை, போட்டுத்தான் போகிறது. அந்த ட்ராக்கில் பேஸும் சேர்ந்தே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிகர்சலுக்குக் கிளம்பவே மனசு வருவதில்லை. வீட்டில் ஒரு நைலான் கம்பி கிட்டார் வாங்கி நானாகவே பழகிக்கொண்டிருக்கிறேன். காலையில் அதைக் கையில் எடுத்தால் காபி ஆறிப்போவதுகூடத் தெரியவில்லை. இடது கை விரல்களில் கொஞ்சம் வலி இருக்கிறது. கச்சேரி முடிந்த இரவுகளில் காதில் 'கீ' என்று ஒரு சத்தமும் கேட்கிறது. விரல் வலி என்று சொல்லியே விலகிவிடலாமா? தை, மாசிக் கச்சேரிகளுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. மிக்சர், ஸ்பீக்கர் எல்லாம் பொதுப் பணத்தில் வாங்கியவை. 'நீங்க போயிட்டா அண்ணன் மனசு உடைஞ்சு போயிடுவாரு' என்கிறார் என் மனைவி.

- பெயர் வேண்டாம், திருவெறும்பூர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

விலகலாம். உங்களுக்கு இசை சலித்துவிட்டது என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள், அவசரப்படாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் காபி ஆறிப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை. உங்கள் ஆசை அப்படியேதான் இருக்கிறது. அது ஞாயிறு சாயங்காலத்திலிருந்து கிளம்பி காலை நேரத்துக்கு வந்துவிட்டது. 64 வயதில் ஒரு வாத்தியத்தை முதலிலிருந்து பழக உட்காருகிறவருக்கு அதற்கான நேரமும் தெம்பும் வேண்டும்.

ஆனால் விரல் வலியைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அது முழுப் பொய் இல்லைதான். இருந்தாலும் உங்கள் அண்ணன் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் கூடவே வாசித்தவனுக்கு வலி என்றால், நல்ல மனுஷர் என்ன சொல்வார்? "நீ உட்கார்ந்தே வாசிப்பா, நாலு பாட்டு போதும், மீதியை ட்ராக் பார்த்துக்கும்" என்பார். தெரிந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார். தைலம் வாங்கி அனுப்புவார். அவ்வளவு அன்பையும் வாங்கிக்கொண்டு நீங்கள் அடுத்தடுத்த சாக்கைத் தேட வேண்டியிருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. நாளைக்கே நீங்கள் ஒரு வீட்டு விசேஷத்தில் நைலான் கிட்டாரை எடுத்து நாலு பேர் முன்னால் வாசிப்பீர்கள். வாசிக்கத்தான் வேண்டும், அதற்காகத்தானே பழகுகிறீர்கள்? அந்தச் செய்தி பக்கத்து ஊரான துவாக்குடியைத் தாண்டுவதற்குள் அவர் காதுக்குப் போய்விடும். நீங்கள் விலகியதை அவர் பொறுத்துக்கொள்வார். பொய் சொல்லி விலகியதுதான் அவரை அறுக்கும்.

சரி, அப்படியானால் உண்மையான காரணம் எது? அதை முதலில் நீங்களே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு அது தெரிகிறது. "அந்த ட்ராக்கில் பேஸும் சேர்ந்தே வருகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதிலேயே பெரிய விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். இளையராஜா 1976-ல் வந்த பிறகு தமிழ்ப் பாட்டில் பேஸ் கிட்டாரின் இடமே மாறிப்போனது. தாளத்தோடு சேர்ந்து அடியில் நிற்கிற வாத்தியமாக இருந்தது, பாடுகிறவருக்குப் பக்கத்தில் தனி மெட்டாக ஓட ஆரம்பித்தது. உங்களைப் போன்றவர்கள் அதை நோட்ஸ் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, ட்ரெபிள் என்கிற மேல் ஒலியைக் குறைத்து, கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றி, ஒவ்வொரு சுரமாகப் பிடித்தீர்கள். பாட்டின் நடுவே வருகிற இண்டர்லூடில் ஒரு இடம் புரியாவிட்டால் ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அப்படிப் பிடித்ததை மேடையில் வாசித்து, முன் வரிசையில் யாரோ ஒருவர் தலை அசைத்தால் போதும், அன்றைய கூலி அதுதான். இப்போது அதே வரியை லேப்டாப் வாசிக்கிறது. நீங்கள் அதன் மேலேயே வாசிக்கிறீர்கள். நீங்கள் நிறுத்தினால்கூடக் கேட்கிறவருக்குத் தெரியாது. ஒரு வாத்தியக்காரருக்கு இதைவிட வலிக்கிற விஷயம் எது?

அண்ணனையும் குறை சொல்ல முடியாது. வயலினுக்கு ஆள் இல்லை, புல்லாங்குழலுக்கு ஆள் இல்லை, இருக்கிற நாலு பேரை வைத்துக் கச்சேரி செய்ய வேண்டும். கல்யாண வீட்டுக்காரர்களும் பாட்டு கேசட்டில் கேட்ட மாதிரியே வேண்டும் என்கிறார்கள். ட்ராக் இல்லாவிட்டால் அவர் குழுவை எப்போதோ மூடியிருப்பார்.

அதனால் ஒரு கேள்வி. அண்ணன் நாளைக்கே "இனிமேல் ட்ராக் வேண்டாம், நம்ம நாலு பேர் வாசிக்கிறது வாசிப்போம்" என்று சொன்னால், உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஆசை வருமா? வரும் என்றால், விலகுவதற்கு முன்னால் அதை அவரிடம் கேட்டுவிடுங்கள். பழைய ஆட்கள் மட்டும் சேர்ந்து, மாதம் ஒரு தடவை, மைக் செட் இல்லாமல், யாராவது ஒருவர் வீட்டு மாடி அறையிலேயே வாசிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். அவரும் அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. வராது, அப்போதும் காலையில் அந்த நைலான் கிட்டார்தான் வேண்டும் என்று தோன்றினால், விஷயம் முடிந்தது. என் கணிப்பு இரண்டாவதுதான். ஆனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அண்ணனிடம்தான் சொல்ல வேண்டும். அவர் வீட்டில், நேரில், தனியாக. குழுவின் வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. ரிகர்சலில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். உங்கள் மனைவி அவர் மனைவியிடம் சொல்லி அவர் காதுக்குப் போவதும் வேண்டாம். போகும்போதே ஒரு தேதியோடு போங்கள். "யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று ஆரம்பித்தால் அவர் உங்களைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவார், நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவில் பேஸ் வாசித்த பில் வைமன், 30 வருடம் இருந்துவிட்டு 1993 ஜனவரியில் விலகியதாக அறிவித்தார். அதற்கு வெகு முன்பே சொல்லியும் கூட இருந்தவர்கள் நம்பவேயில்லை என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். உலகம் முழுக்கத் தெரிந்த குழுவிலேயே அப்படி. இத்தனை வருடம் கூட இருந்தவர் போகிறேன் என்றால் யாருக்கும் காதில் ஏறாது. அதனால் வளைக்காமல் சொல்லுங்கள்: "அண்ணே, மாசிக் கச்சேரியோட நான் நிறுத்திக்கிறேன். உங்க மேல எந்த வருத்தமும் இல்ல. ட்ராக் மேல வாசிக்கிறது எனக்கு ஒட்ட மாட்டேங்குது. வீட்ல ஒரு கிட்டார் வாங்கிப் பழகுறேன், அதுல மனசு போயிடுச்சு. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்." இவ்வளவு போதும். அவர் கோபப்பட்டால் பதில் பேசாதீர்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். கொடுக்காவிட்டாலும் ஒரு வாரம் கழித்து மறுபடியும் போங்கள்.

அட்வான்ஸ் வாங்கிய கச்சேரி எல்லாவற்றையும் வாசித்துத்தான் ஆக வேண்டும். அதில் பேச்சே இல்லை. புதிதாக எதற்கும் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இந்த இரண்டு மூன்று மாதத்தை வீணாக்காமல் இன்னொன்று செய்யலாம். நியூயார்க்கில் புகழ்பெற்ற குவார்னேரி நால்வர் குழு என்று ஒன்று இருந்தது, 1964-ல் தொடங்கியது. அதில் செல்லோ என்கிற பெரிய வயலின் போன்ற வாத்தியத்தை வாசித்த டேவிட் சோயர் 2001-ல் விலகியபோது அவர் இடத்துக்கு வந்தவர் அவரிடமே பாடம் கற்ற பீட்டர் வைலி. குழு அதற்கப்புறம் 2009 வரை வாசித்தது. உங்களுக்கு மாணவர் என்று யாரும் இருக்கிறார்களா தெரியவில்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவே இல்லை, அங்கே பேஸ் வைத்துக்கொண்டு மேடைக்குக் காத்திருக்கிற பையனோ பெண்ணோ நிச்சயம் இருப்பார்கள். அண்ணன் சம்மதித்தால் ஒருவரை ரிகர்சலுக்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வையுங்கள். ட்ராக்கில் ஏற்கெனவே பேஸ் இருக்கிறதே, ஆள் எதற்கு என்று அண்ணன் கேட்டால், அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் வாசிக்கிற பாட்டுகளின் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எந்தப் பாட்டு எந்தக் கட்டையில் என்பது உங்கள் தலையில் இருக்கும். உங்கள் பாடகருக்கும் வயதாகியிருக்குமே. அந்தக் காலத்தில் பாடிய சுருதியிலிருந்து எதை அரைக்கட்டை இறக்கினீர்கள், எதை ஒரு கட்டை இறக்கினீர்கள், எந்தச் சரணத்தில் அவர் மூச்சு வாங்க நீங்கள் நாலு எண்ணிக்கை கூட்டி வாசிப்பீர்கள் என்பதெல்லாம் எந்த ட்ராக்கிலும் கிடையாது. எழுத உட்கார்ந்தால் தெரியும், அந்தக் குழுவுக்கு நீங்கள் என்னவாக இருந்தீர்கள் என்று. அண்ணனுக்கும் அப்போது தெரியும்.

குழு உடைந்துவிடுமா? உடையாது என்றுதான் தோன்றுகிறது. ஒன்பதில் ஐந்து பேர் போன பிறகும் அண்ணன் நடத்திக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. நீங்கள் போன பிறகும் அவர்கள் ஒரு கோயிலில் வாசிப்பார்கள், கூட்டம் ரசிக்கும், வீடியோ உங்களுக்கே வரும். அன்றைக்கு ஒரு மாதிரி இருக்கும். அதற்குத் தயாராக இருங்கள். ஒருவேளை குழு நின்றே போனாலும், நால்வர் சேர்ந்து நடத்திய ஒன்றை நீங்கள் ஒருவர் தாங்கிப் பிடித்திருக்க முடியாது.

"எப்பவாவது வந்து ரெண்டு பாட்டு வாசிச்சுட்டுப் போ" என்று கேட்பார்கள். முதல் ஒரு வருடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். பில் வைமன் 2012-ல் லண்டனில் பழைய குழுவோடு விருந்தினராக மேடையேறினார். இரண்டே பாட்டுக்குத்தான் வாசிக்க விட்டார்கள். அந்த ஏமாற்றத்தை அவரே வெளியில் சொன்னார். பாதி உள்ளே, பாதி வெளியே என்று நிற்பது இரண்டு பக்கமும் கசப்பாகத்தான் முடியும். அவருக்குச் சந்தோஷம் கொடுத்தது 1997-ல் தனக்குப் பிடித்த பழைய பாட்டுகளை வாசிக்க அவர் ஆரம்பித்த வேறொரு குழு.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. இத்தனை வருடமாக நீங்களும் அண்ணனும் சந்தித்துக்கொண்டது ரிகர்சல் என்ற பெயரில். நம் ஊர் ஆண்களுக்குக் காரணம் இல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போய் உட்காரத் தெரியாது. மொய் வைக்கப் போவோம், துக்கம் விசாரிக்கப் போவோம், வேலை இருந்தால் போவோம். சும்மா போக மாட்டோம். ரிகர்சல் நின்றுவிட்டால் ஆறு மாதத்தில் நீங்கள் இருவரும் கல்யாண மண்டபத்தில் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டுக்கொள்கிற ஆட்களாகிவிடக்கூடும். யாரும் சண்டை போடாமலே அது நடந்துவிடும். அதனால் விலகுவதைச் சொல்கிற அன்றைக்கே இதையும் பேசிவிடுங்கள். காலை நடையோ, ஞாயிறு டிபனோ, மாதம் ஒரு தடவை உட்கார்ந்து பழைய கேசட்டைக் கேட்பதோ, எதுவாக இருந்தாலும் அதற்கென்று ஒரு கிழமை குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவி பயப்படுவது இதை நினைத்துத்தான் என்று படுகிறது. அவர் சொன்னதைத் தடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மிக்சர், ஸ்பீக்கர் விஷயத்தில் பங்கு கேட்காதீர்கள். 20 வருடம் லாரியில் ஏறி இறங்கிய ஸ்பீக்கருக்கு இன்றைக்கு என்ன விலை வந்துவிடும்? உங்கள் கிட்டாரும், சொந்தப் பணத்தில் வாங்கிய ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) இருந்தால் அதுவும் உங்களோடு வரட்டும். பாக்கி இருக்கிற கடைசிக் கச்சேரிப் பணத்தை மட்டும் மாசியிலேயே கணக்கு முடித்துவிடுங்கள். பழைய பாக்கி என்று ஒன்று கிடந்தால் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

விரலையும் காதையும் கடைசிக்கு வைத்துக்கொண்டேன், அவை விலகுவதற்கான காரணம் இல்லை என்பதால். ஆனால் இரண்டையும் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்தாலோ, மடக்கிய விரல் நிமிராமல் மாட்டிக்கொண்டாலோ எலும்பு, மூட்டு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு விரல் மாட்டிக்கொள்வது அதிகம் வரும். மீதிக் கச்சேரிகளுக்கு மெல்லிய கம்பிகளை மாற்றிக்கொண்டால் அழுத்தம் குறையும்.

காது விஷயம் அவசரம். கச்சேரிக்குப் பிறகு காதில் சத்தம் கேட்பது, ஒலி அளவு மீறிப் போனதற்கு அடையாளம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. மூன்று டெசிபல் கூடக்கூட அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். டிரம்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் பேஸ் ஆம்ப் முன்னால் நிற்கிறவருக்கு அந்தக் கால் மணி நேரம் மூன்றாவது பாட்டிலேயே முடிந்துவிடும். தைக் கச்சேரிக்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் என்கிற காது கேட்கும் திறன் பரிசோதனையை எடுத்துப் பாருங்கள். மேடையில் இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டு தெளிவாகவே கேட்கும், அளவு மட்டும் குறையும். உங்கள் இடத்துக்குப் புதிதாக யாராவது வந்தால் அவருக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.