லினக்ஸுக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: எங்கள் கணக்கு அலுவலகத்தில் எட்டுக் கணினிகள் உள்ளன. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும், எங்களுக்கு வழக்கமாகக் கணினி பராமரிப்பவர் எட்டிலும் உபுண்டு லினக்ஸை நிறுவித் தந்தார். இப்போது கணினி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஆண்டு 'லினக்ஸ் உரிமக் கட்டணம்' கேட்கிறார். கட்டாவிட்டால் பயன்படுத்துவது சட்ட விரோதம் என்றும், நாள் கடந்தால் கணினிகள் நின்றுவிடும் என்றும் சொல்கிறார். இலவசம் என்று கேள்விப்பட்ட பொருளுக்கு ஏன் கட்டணம்? கட்டாமல் இருந்தால் உண்மையிலேயே சிக்கல் வருமா?

பதில்: லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வடிவமான உபுண்டுவைப் பயன்படுத்துவதற்கென்று யாருக்கும் அனுமதிக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. கணினிகள் எட்டானாலும் எண்ணூறானாலும், வீடானாலும் அலுவலகமானாலும் இதுவே நிலை. கட்டணம் வரவில்லை என்பதற்காகத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு எதுவும் அதில் கிடையாது. உங்கள் கணினி நின்றால், நிறுத்தியவர் ஒரு மனிதராகத்தான் இருப்பார். அந்தச் சங்கதியைப் பிறகு சொல்கிறேன்.

குழப்பம் 'உரிமம்' என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறது. லினக்ஸின் கருவை, அதாவது அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியை, லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அது ஜிபிஎல் எனப்படும் பொது உரிமத்தின் கீழ் வந்தது. விண்டோஸ் உரிமம் நீங்கள் செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடும்; ஜிபிஎல் உரிமமோ பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம் என்று அனுமதிகளை எல்லோருக்கும் முன்கூட்டியே வழங்கிவிடுகிறது. ஒரு படியைக் கொண்டு வந்து தருவதற்கும், அதற்கு உத்தரவாதம் அளிப்பதற்கும் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த உரிமமே எழுத்தில் சொல்கிறது. ஆகவே உங்கள் பராமரிப்பாளர் பணம் கேட்பது குற்றமன்று. நிறுவிய கூலி என்றோ, ஆண்டுப் பராமரிப்பு என்றோ கேட்டிருந்தால், எனக்கு இதில் எழுத எதுவும் இருந்திருக்காது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அனுமதியை உங்களுக்கே விற்கிறார் என்பதுதான் என் ஆட்சேபம்.

பெரிய நிறுவனங்கள் இதே பொருளை வைத்து எப்படிப் பணம் ஈட்டுகின்றன என்று பார்த்தால், நீங்கள் எதற்குக் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பது தெளிவாகும். 1993-இல் தொடங்கிய ரெட் ஹேட் நிறுவனம் முதலில் குறுந்தகடுகளைப் பெட்டியில் அடைத்துக் கடைகளில் விற்றது. 2003-இல் வந்த ஒன்பதாம் பதிப்போடு அந்தப் பெட்டி வியாபாரத்தை விட்டுவிட்டு, நிறுவனங்களுக்கான பதிப்பைச் சந்தா முறையில் வழங்குவதில் முழுமையாக இறங்கியது. சந்தாவில் வாடிக்கையாளர் பெறுவது சோதித்துத் தரப்படும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள், கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள், இன்ன ஆண்டு வரை கைவிட மாட்டோம் என்ற வாக்குறுதி ஆகியவைதான். இந்த வியாபாரத்துக்காக 2019-இல் ஐபிஎம் ஏறத்தாழ 3,400 கோடி டாலர் கொடுத்து ரெட் ஹேட்டை வாங்கியது. சந்தா காலாவதியானாலும் நிறுவிய கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதுப்பிப்பு வருவது மட்டும் நின்றுவிடும்.

அந்த வாக்குறுதிதான் இந்தத் தொழிலின் உண்மையான சரக்கு. அதுவும் சில சமயம் கைநழுவும். ரெட் ஹேட்டின் பதிப்பை ஒட்டியே இலவசமாக வெளிவந்த சென்டோஸ் லினக்ஸ் எட்டாம் பதிப்பு 2029 வரை பராமரிக்கப்படும் என்று நம்பிப் பலர் தங்கள் வழங்கிகளில் (சர்வர்களில்) அதை நிறுவியிருந்தனர். 2020 டிசம்பரில், அது 2021 இறுதியோடு முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற மாற்றுகள் அதன் விளைவாகவே பிறந்தன. அன்று சென்டோஸ் வைத்திருந்த எவருடைய உரிமமும் ரத்தாகவில்லை. பறிபோனது ஏழு ஆண்டுக்கும் மேற்பட்ட பராமரிப்பு. ஆகவே ஓர் இயங்குதளத்தை ஏற்கும் முன் 'உரிமம் உண்டா' என்று கேட்பதைவிட 'புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை' என்று கேட்பது பயனுள்ள கேள்வி.

உபுண்டுவில் இதற்கு விடை காண்பது எளிது. பதிப்பின் எண்ணிலேயே வெளியான ஆண்டும் மாதமும் இருக்கின்றன: 22.04 என்றால் 2022 ஏப்ரல், 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரட்டைப்படை ஆண்டு ஏப்ரலில் வருபவை நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். அவற்றின் ஆண்டோடு ஐந்தைக் கூட்டினால் இலவசப் புதுப்பிப்பு முடியும் ஆண்டு கிடைக்கும். இடையில் வரும் மற்றப் பதிப்புகளின் ஆயுள் ஒன்பதே மாதம் என்பதால், அலுவலகத்தில் அவற்றை நிறுவியவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. 20.04-க்கான இலவச ஐந்தாண்டு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அந்தப் பதிப்பு இன்னும் பல கணினிகளில் ஓடுவதைப் பார்க்கிறேன்.

இங்கே ஒரு விதிவிலக்கை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பராமரிப்பாளர் அதையே பற்றிக்கொண்டு பேசக்கூடும். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 'உபுண்டு ப்ரோ' என்ற சந்தாவை விற்கிறது. அடிப்படைத் தொகுப்பில் உள்ள மென்பொருள்களுக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எல்லோருக்கும் இலவசம். ப்ரோ இருந்தால் அது பத்தாண்டாக நீளும், அடிப்படைத் தொகுப்புக்கு வெளியே உள்ள ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்கும் புதுப்பிப்பு கிடைக்கும். இதை இலவசமாகவும் தருவதாக 2022 அக்டோபரில் அறிவித்தபோது, சொந்தப் பயன்பாட்டுக்கும் சிறு அளவிலான வணிகப் பயன்பாட்டுக்கும் ஒருவருக்கு ஐந்து கணினிகள் வரை இலவசம் என்றார்கள். மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கினால் ஒரு டோக்கன் கிடைக்கும். அந்த நீண்ட எழுத்துக்கோவையைக் கணினியில் இட்டால் ப்ரோ சேர்ந்துவிடும். உங்களிடம் எட்டு இருக்கின்றன. ஐந்தில் இலவசமாகச் சேர்த்தால் மீதி மூன்றும் சட்ட விரோதமாகிவிடுமா? ஆகாது. அந்த மூன்றும் சாதாரண உபுண்டுவாக, ஐந்தாண்டுப் புதுப்பிப்போடு முறையாகவே இயங்கும். எட்டுக்கும் ப்ரோ தேவையென்று கருதினால் மூன்றுக்கும் சந்தாவை நேரே கனோனிக்கலிடமே வாங்கலாம். வேறொரு மின்னஞ்சலில் இன்னொரு கணக்குத் தொடங்கி இன்னும் ஐந்து பெற்றுக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எண்ணிக்கை ஒருவருக்கு உரியது, மின்னஞ்சலுக்கு உரியதன்று.

இதே ஐந்தில்தான் உரிமம் விற்கும் தரகர்களின் கைவரிசையும் இருக்கிறது. தன் கணக்கில் இலவசமாகக் கிடைத்த டோக்கனை வாடிக்கையாளரின் கணினியில் இட்டுவிட்டு, அதையே 'அசல் உரிமம்' என்று விற்கிறார்கள். கண்டுபிடிக்க வழி உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தைத் திறந்து, 'ப்ரோ ஸ்டேட்டஸ்' (pro status) என்ற இரண்டு சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்துங்கள். ப்ரோ சேர்க்கப்பட்டிருந்தால், பட்டியலின் கடைசி வரிகளில் அது யாருடைய கணக்கு என்பது தெரியும். அங்கே உங்கள் மின்னஞ்சலுக்குப் பதிலாக அவருடையது இருந்தால், நீங்கள் பணம் கொடுக்கப்போவது எதற்கு என்று புரிந்துவிடும். ப்ரோ சேர்க்கப்படவே இல்லை என்று வந்தால் இன்னும் நல்லது. விற்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை.

தரகர்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. அலுவலகங்களின் கொள்முதல் படிவங்களில் 'இயங்குதள உரிம எண்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'தேவையில்லை' என்று எழுதினால் கோப்பு திரும்பி வந்துவிடும். லினக்ஸ் போன்ற திறமூல மென்பொருள் உலகின் பெரும்பாலான வழங்கிகளை இயக்கும் காலத்திலும் அந்தக் கட்டத்தைத் திருத்த யாருக்கும் கை வரவில்லை. கட்டத்தை நிரப்புவதற்காகவே ஒரு காகிதத்தை விலைக்கு வாங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நிறுவனங்களும் தம் பங்குக்கு 'இது இலவசம், இது கட்டணம்' என்று இரண்டு வரியில் சொல்ல வேண்டியதைப் பல பக்கங்களுக்குள் புதைத்து வைக்கின்றன. அந்த இடைவெளியில் பிழைப்பவர்கள்தான் இந்த உரிம வியாபாரிகள்.

ஒருமுறை ஒரு சிறு அலுவலகத்தில், விற்றவரின் பெயரையே தாங்கிய ஒரு 'தனி லினக்ஸை' எனக்குக் காட்டினார்கள். பளபளப்பான சான்றிதழ் ஒன்று சட்டமிட்டுச் சுவரில் தொங்கியது. கணினியின் உள்ளே, இயங்குதளத்தின் விவரங்களைச் சொல்லும் சிறு கோப்பைத் திறந்தேன். பெயர் இருக்க வேண்டிய வரியில் விற்றவரின் பெயர், 'எதை ஒத்தது' என்ற வரியில் டெபியன் என்ற இலவச லினக்ஸின் பெயர். பின்புலப் படத்தையும் பெயரையும் தவிர அவர் எதையும் தொடவில்லை. புதுப்பிப்புப் பதிவேட்டில் கடைசித் தேதி பதினான்கு மாதங்களுக்கு முந்தையது. ஆண்டுக் கட்டணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

இனி, நின்றுவிடும் என்ற மிரட்டல். லினக்ஸ் நிற்காது, ஆனால் நிர்வாகி கடவுச்சொல் அவர் கையில் இருந்தால் அவரால் நிறுத்த முடியும். அமைப்புகளில் பயனர் பகுதியைத் திறந்து, உங்கள் பெயருக்கு நேரே நிர்வாகி என்ற குறி இருக்கிறதா என்று எட்டுக் கணினிகளிலும் பாருங்கள். இல்லையென்றால், உங்களுடைய கணினிக்கு நீங்களே விருந்தாளி. தொலைவிலிருந்து உள்ளே நுழைவதற்கான மென்பொருள் ஏதேனும் நிறுவப்பட்டிருக்கிறதா என்றும், வட்டு மறைகுறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருந்தால் அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டறியுங்கள். மறைகுறியாக்கம் இல்லாத வட்டிலிருந்து, பென் டிரைவில் உள்ள மற்றொரு லினக்ஸைக் கொண்டு உங்கள் கோப்புகளை எடுத்துவிடலாம். மறைகுறியாக்கம் இருந்தால் கடவுச்சொல் இல்லாமல் எவராலும் எடுக்க முடியாது.

மீண்டும் நிறுவ நேர்ந்தால், அவர் பையில் வைத்திருக்கும் பென் டிரைவை ஏற்காதீர்கள். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற மற்றொரு இலவச லினக்ஸின் சொந்த இணையதளத்திலேயே நுழைந்தவர்கள், 17.3 பதிப்பின் பதிவிறக்கச் சுட்டியை மாற்றி, வெளியார் ரகசியமாக உள்ளே நுழையப் பின்வாசல் வைத்த கோப்பு ஒன்றை மக்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதிகாரபூர்வத் தளத்துக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கையில், யார் எங்கே எப்போது எடுத்தது என்று தெரியாத படியை எப்படி நம்புவது? வெளியீட்டாளரின் தளத்திலிருந்து இறக்கி, கையொப்பத்தோடு அவர்கள் தந்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

பணமே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அச்சுப்பொறி மக்கர் செய்தால் வந்து பார்ப்பது, மாதம் ஒருமுறை புதுப்பிப்புகளைச் சரிபார்ப்பது, கோப்புகளுக்குக் காப்புப்படி எடுத்து அதைத் திரும்ப ஏற்றிக் காட்டுவது எல்லாம் உழைப்பு. அதற்குக் கூலி உண்டு. இந்த வேலைகளை வரிசையாக எழுதி, 'ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்' என்ற தலைப்பில் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். ரசீதில் 'உரிமம்' என்ற சொல் இருந்தால், எந்த நிறுவனத்தின் உரிமம், எந்த எண், யார் பெயரில் என்று அவர் கைப்பட எழுதச் சொல்லுங்கள்; பெரும்பாலும் ரசீதின் வாசகம் அங்கேயே மாறிவிடும். ஆனால் இந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே எட்டுக் கணினிகளின் கணக்குக் கோப்புகளையும் வெளி வட்டு ஒன்றில் படியெடுத்து, அந்த வட்டை அலுவலகத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள்.