இருபது நிமிடம் லேட், ஆறு மாதம் தண்டனை: சோவியத் ஆலைகள் பற்றிச் சில கேள்விகள்

கே: ஸ்டாலின் காலத்தில் இருபது நிமிடம் லேட்டாக வந்தால் ஜெயிலாமே?

ப: பாதி உண்மை. 1939 ஜனவரியிலிருந்து இருபது நிமிடத்துக்கு மேல் தாமதமானால் அன்றைக்கு மட்டம் போட்டதாகவே கணக்கு, வேலை போய்விடும். 1940 ஜூன் 26 ஆணை அதைக் குற்றமாகவே ஆக்கியது. ஆனால் மட்டம் போட்டவரை வழக்கமாக உள்ளே தள்ளவில்லை. அதே ஆலையில், அதே மெஷினில் ஆறு மாதம் வரை நின்று வேலை பார்க்க வேண்டும், சம்பளத்தில் 25 சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள். ஆலைக்கு ஆளும் குறையாது, கூலியும் மிச்சம்! அனுமதி வாங்காமல் வேலையை விட்டுப் போனவருக்குத்தான் ஜெயில், இரண்டு முதல் நான்கு மாதம். அந்த வருடக் கடைசிக்குள் 20 லட்சம் பேருக்கு மேல் தண்டனை ஆகிவிட்டது.

கே: வேலையை விட்டு நீக்கினாலே பயம் வந்திருக்குமே, கோர்ட் எதற்கு?

ப: நீக்கித்தான் பார்த்தார்கள். 1932 நவம்பர் ஆணைப்படி ஒரே ஒரு நாள் காரணமில்லாமல் வராவிட்டால் வேலை, ரேஷன் அட்டை, ஆலை கொடுத்த வீடு எல்லாம் போகும். ஆனால் ஐந்தாண்டுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்த காலம், எங்கே பார்த்தாலும் ஆள் பஞ்சம். இங்கே துரத்தினால் அடுத்த ஆலையில் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள். மேனேஜருக்கும் மாத இலக்கை முடிக்க ஆள் வேண்டும், அதனால் கண்டும் காணாமலும் விட்டார், அப்புறம் அப்படி விட்ட மேனேஜர் மீதும் வழக்குப் போடலாம் என்று 1940 ஆணையில் எழுதவேண்டி வந்தது. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: வேலையை விட வழியில்லாதவர்கள் ஆலையில் சின்னதாக எதையாவது திருடி, மாட்டிக்கொண்டு, டிஸ்மிஸ் வாங்கிப் போக ஆரம்பித்தார்கள். 1940 ஆகஸ்டிலேயே அந்தச் சில்லறைத் திருட்டுக்கு ஒரு வருடச் சிறை என்று இன்னொரு ஆணை வந்தது. ஓட்டையை அடைக்க அடைக்க இன்னொரு ஓட்டை.

கே: அந்த 1940 ஜூன் சட்டம் எப்போது போனது?

ப: 1951-ல் தளர்ந்தது, 1956 ஏப்ரலில் ரத்தானது.

கே: பின்னாளில் சோவியத் தலைவரான ஆந்த்ரோபோவ் காலத்தில் குளியல் கூடத்தில் புகுந்து ஆள் பிடித்தார்கள் என்று படித்தேன். கட்டுக்கதையா?

ப: இல்லை, நடந்ததுதான். 1983 தொடக்கத்தில் கடை, சினிமா தியேட்டர், பொதுக் குளியல் கூடம் என்று பகல் வேளையில் போய், டூட்டி நேரத்தில் இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். ஆனால் அப்படி மாட்டிய ஒரு பெண் ஏன் காலை பதினொரு மணிக்குக் கடை வரிசையில் நிற்கிறாள்? ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்குப் போனால் கடை அலமாரியில் சாசேஜ் இருக்காது, அவ்வளவுதான். அவளுடைய ஃபோர்மேன் நாலு பேர் தள்ளி அதே வரிசையில் நின்றிருந்தாலும் ஆச்சரியமில்லை. என்னைக் கேட்டால் அதை ஒழுங்கீனம் என்று சொல்லமாட்டேன், சம்பளமில்லாத இரண்டாவது ஷிப்ட் என்பேன். சோதனைகள் சில மாதத்தில் ஓய்ந்துவிட்டன. ஆகஸ்டில் வந்த ஆணை, மட்டம் போட்ட நாட்களை வருடாந்திர லீவில் கழிக்கச் சொன்னது. அடுத்த மாதமே 4 ரூபிள் 70 கோபெக்குக்கு மலிவு வோட்கா வந்தது, ஜனங்கள் அதற்கு ஆந்த்ரோபோவ்கா என்று பெயர் வைத்தார்கள். இந்த இரண்டையும் ஒரே அரசாங்கம்தான் செய்தது.

கே: வேலைக்கே போகாதவர்களை என்ன செய்தார்கள்?

ப: ‘ஒட்டுண்ணி’ என்று வழக்குப் போட்டார்கள், 1961-ல் அதற்கென்றே ஆணை வந்தது. கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி 1964-ல் சிக்கியது அதில்தான். அவர் வேலை பார்க்காதவரும் இல்லை, அடிக்கடி வேலை மாறியவர், அப்புறம் மொழிபெயர்ப்பு. உங்களைக் கவிஞர் என்று யார் அங்கீகரித்தது என்று நீதிபதி கேட்டார். தண்டனை, ரஷ்யாவின் வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் பக்கம் ஐந்து வருடம் ஊர் கடத்தல், ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டார்கள். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை பண்ணையில் எரு அள்ளுவது.