பவுண்டும் பீரங்கியும்

வணக்கம். நாடுகளுக்கிடையே வணிகம் அதன் போக்கில் ஒழுங்காகத்தான் நடக்கிறது. அரசியல்வாதிகள்தான் தடை, வரி என்று குறுக்கே வந்து கெடுக்கிறார்கள். பொருளாதாரத்தை அரசியலிலிருந்து பிரித்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீராதா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரி, பிரிப்போம். எந்த இடத்தில் பிரிப்பது?

1956 ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். நவம்பர் தொடக்கத்தில் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலோடு சேர்ந்துகொண்டு அங்கே படையை இறக்கின. களத்தில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. பிரிட்டனுக்கு அடி விழுந்தது நாணயச் சந்தையில். பவுண்டை விற்று டாலர் வாங்க ஆளாளுக்கு முண்டியடித்தார்கள். ஒரு பவுண்டுக்கு 2.80 டாலர் என்ற மதிப்பைக் காப்பாற்ற பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி கையிருப்பு டாலரை எடுத்துக் கொட்டிக்கொண்டே இருந்தது. நாடுகளுக்குக் கடன் தரும் சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.பிடம் கேட்கலாமென்றால், முதலில் படையைத் திரும்பப் பெறுங்கள் என்று அமெரிக்க அதிபர் ஐசனோவரின் அரசு வழியை அடைத்துவிட்டது. டிசம்பர் 3 அன்று வெளியேறுகிறோம் என்றது பிரிட்டன். ஒரே வாரத்தில், 10ஆம் தேதி, 130 கோடி டாலருக்கு ஒப்புதல் கிடைத்தது. (பிரான்ஸ் அக்டோபரிலேயே கடனுக்கு ஏற்பாடு செய்துவிட்டிருந்தது. அதனால் அதற்கு இந்தக் கழுத்து நெரிப்பு இல்லை.)

பவுண்டை விற்றவர்கள் தங்கள் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் விற்றார்கள். அது ஒரு படையெடுப்பையே முடக்கப் பெரிதும் உதவியது. கடனை மறுத்தவர்கள் அரசியல் நோக்கத்தோடு மறுத்தார்கள். அது ஒரு நாணயத்தை ஆட்டம் காண வைத்தது. எங்கே கோடு போடுவீர்கள்?

தடையும் வரியும் கண்ணில் படுகிற அரசியல். எந்த நாணயத்தில் கணக்குத் தீர்ப்பது, கடன் யாருக்கு என்ன நிபந்தனையில் என்பதெல்லாம் பழகிப்போன அரசியல். அதைத்தான் வணிகத்தின் இயல்பான போக்கு என்று நினைத்துவிடுகிறோம். ஐ.எம்.எஃப்.பில் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்கா ஒன்றிடமே 16 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அது வேண்டாம் என்றால் அந்த முடிவு நிறைவேறாது. "அரசியலைக் கலக்காதீர்கள்" என்று வலியவர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். விதியை எழுதி முடித்துவிட்டுச் சொல்கிறார்கள்.

அப்புறம், எளியவர்களும் சும்மா இருப்பதில்லை. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. 2022இல் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் சொத்து வெளிநாடுகளில் முடக்கப்பட்டது. அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் உலக மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. சொந்தப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டால் அதை வேறொரு தலைநகரிலிருந்து முடக்க முடியாது.